கடல்லயே வாழும் ஆமை, கடல்லயே மூச்சுத்திணறி இறப்பது எப்படி?

ஜனவரி முதல் மார்ச் வரை கொட்டிவாக்கம் பீச்சில் விடியற்காலையில் வாக்கிங் போகிறவர்கள் இரண்டு காட்சிகளைப் பார்க்க வாய்ப்பு உண்டு. ஒன்று, ராத்திரி முட்டையிட வந்துபோன ஆமையின் தடம். இன்னொன்று, கரை ஒதுங்கிய ஆமையின் உடல்.

2025 ஜனவரியில் நீலாங்கரை, பெசன்ட் நகர், கோவளம் உள்ளிட்ட கடற்கரைகளில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. தேசிய பசுமைத் தீர்ப்பாயமே தானாக முன்வந்து இதை விசாரித்தது. உடற்கூறாய்வில் மூச்சுத்திணறலுக்கான அறிகுறிகள் தெரிந்தன. கடல்லயே வாழும் ஜீவனுக்கு எப்படி மூச்சு திணறும்?

நீந்துவதற்கே அமைந்த உடல்

இங்கே வருவது ஆலிவ் ரிட்லி. நம்ம ஊரில் பங்குனி ஆமை என்பார்கள். ஓடு சுமார் 2 அடி நீளம், எடை 35 முதல் 50 கிலோ. நில ஆமை மாதிரி தலையையும் காலையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ள இதால் முடியாது. அதற்குப் பதிலாக ஓடு தட்டையாக, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகிற மாதிரி இருக்கும். முன்கால்கள் துடுப்பாகவே மாறிவிட்டன. பறவை இறக்கை அடிப்பது போல அவற்றை அடித்து நீந்தும். பின்கால்கள் திசை திருப்பவும், கரையில் குழி தோண்டவும் உதவும்.

முட்டையிடும்போது அது அழுவதாகச் சொல்வார்கள். அது சோகம் இல்லை. உடம்பில் சேரும் உப்பைக் கண்ணுக்குப் பக்கத்தில் உள்ள சுரப்பி வெளியேற்றுகிறது, அவ்வளவுதான்.

பென்குயினும் ஆமையும்

பென்குயினும் இதே மாதிரி இறக்கையைத் துடுப்பாக்கித்தான் நீந்துகிறது. ஆனால் அதற்கு நெருக்கமான இறகும் தோலுக்கு அடியில் கொழுப்பும் உண்டு. உடம்புச் சூடு வெளியே போகாது. அதனால் பனிக்கடலிலும் சமாளிக்கும். பங்குனி ஆமை ஊர்வன இனம். கடல் தண்ணீரின் சூடுதான் அதன் உடம்புச் சூடு. அதனால்தான் நம்ம ஊர் மாதிரியான வெதுவெதுப்பான கடல் அதற்குத் தேவை.

இரண்டுக்கும் பொதுவான விஷயம் ஒன்று இருக்கு. செவுள் கிடையாது, நுரையீரல்தான். மூச்சு வாங்க மேலே வந்தே ஆகணும்.

வலையில் சிக்கினால் என்ன ஆகும்?

ஆமை மேலே வந்து ஒரே மூச்சில் காற்றை மாற்றிக்கொண்டு மறுபடி மூழ்கிவிடும். அமைதியாக இருக்கும்போது இதயத் துடிப்பு குறையும். அந்தக் காற்றை வைத்தே ரொம்ப நேரம் தாக்குப்பிடிக்கும்.

இழுவலையில் மாட்டினால் கணக்கு மாறிவிடுகிறது. தப்பிக்கத் துடிக்கும்போது ஆக்சிஜன் வேகமாகத் தீர்கிறது. வலையோ மேலே வர விடாது. முட்டையிடும் சீசனில் ஆமைகள் கரையோரமாகவே கூடுவதால் சிக்குவதும் அப்போதுதான் அதிகம்.

தீர்வு இருக்கா?

மீனவர்கள் ஆமைக்காக வலை போடுவதில்லை. வலையில் பொருத்தும் ஆமை விலக்குக் கருவி என்று ஒன்று இருக்கிறது. அதில் உள்ள கம்பித் தடுப்பு வழியாக இறால் உள்ளே போய்விடும். ஆமை தடுப்பில் முட்டி, மேலேயோ கீழேயோ உள்ள திறப்பு வழியாக வெளியேறிவிடும். தவிர, கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள், அதாவது சுமார் 9 கிலோமீட்டருக்குள், விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தமிழகத்தில் தடை உள்ளது. இந்த இரண்டும் ஒழுங்காக நடந்தாலே பாதிப் பிரச்சினை குறையும்.

வலையில் வந்த ஆமை செத்த மாதிரி கிடந்தாலும் உடனே கடலில் போட்டுவிடக் கூடாது. மயக்கமாக இருக்கலாம். பின்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி, நிழலில் ஈரத்துணி போட்டு வைத்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு.

நாம் என்ன செய்யலாம்?

மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பினர் 1988 முதல் சென்னைக் கடற்கரையில் ராத்திரி நடந்து, முட்டைகளை எடுத்துப் பாதுகாப்பான பொரிப்பகத்தில் வைக்கிறார்கள். ஒரு கூட்டில் சுமார் 100 முட்டை இருக்கும். பொரிய 45 முதல் 60 நாள் ஆகும். குஞ்சுகள் வெளிச்சம் இருக்கும் பக்கம் ஓடும். தெருவிளக்கைப் பார்த்தால் ரோட்டுக்கு வந்துவிடும்.

அதனால் பீச் ஓரம் வீடு இருந்தால், சீசனில் கடலைப் பார்த்த விளக்குகளை அணைத்துவிடுங்கள். ஆமையைப் பார்த்தால் ஃபிளாஷ் போட்டு போட்டோ எடுக்காதீர்கள். தள்ளி நின்று வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.