20 ஜிகாபிட் எங்கே போனது?

தென்கொரியாவில் 5ஜி சேவை 2019 ஏப்ரல் 5ஆம் தேதி தொடங்குவதாக இருந்தது. அமெரிக்காவின் வெரைசன் நிறுவனம் முந்திக்கொள்ளப் போகிறது என்ற பேச்சு கிளம்பியதும், 3ஆம் தேதி இரவு 11 மணிக்கே அவசர அவசரமாகத் தொடங்கிவிட்டார்கள். முதல் வாடிக்கையாளர்கள், ஏற்கெனவே பேசி வைத்திருந்த சில பிரபலங்கள். ‘உலகிலேயே முதல்’ என்ற பட்டம் கிடைத்துவிட்டது.

2023 மே மாதம் அதே நாட்டின் நியாய வணிக ஆணையம் எஸ்கே டெலிகாம், கேடி, எல்ஜி யூப்ளஸ் ஆகிய மூன்று நிறுவனங்களுக்கும் சேர்த்து 3,360 கோடி வோன் அபராதம் போட்டது. விளம்பரங்களில் நொடிக்கு 20 ஜிகாபிட் என்று சொல்லியிருந்தார்கள். வாடிக்கையாளருக்குக் கிடைத்த சராசரி வேகமோ 0.8 ஜிகாபிட் அளவில் நின்றது. சொன்னதில் நூற்றுக்கு நான்கு பங்கு.

இப்போது 2030ஐ ஒட்டி 6ஜி வரும் என்கிறார்கள். கேட்டதும் உதட்டைப் பிதுக்குகிறவர்களைப் பழமைவாதிகள் என்று ஒதுக்கிவிட முடியாது. எதைச் சந்தேகிப்பது என்பதில்தான் தெளிவு வேண்டும்.

அந்த 20 ஜிகாபிட் யாரோ கற்பனையில் எழுதிய எண் அல்ல. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 5ஜிக்கு வைத்த உச்ச வேக இலக்கு அது. குறுக்கே எந்தத் தடையும் இல்லாமல், டவரின் அலைக்கற்றை முழுவதும் ஒரே ஒரு கைபேசிக்குக் கிடைத்தால் வரக்கூடிய வேகம். சாதாரணப் பயனருக்கு நகரத்தில் கிடைக்க வேண்டியது என்று அதே ஒன்றியம் வைத்த இலக்கு வெறும் 100 மெகாபிட், அதாவது இருநூறில் ஒரு பங்கு. பொறியாளர்கள் இரண்டையும் எழுதி வைத்தார்கள்; விளம்பரத்துறை ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டது. நள்ளிரவில் காலி ரோட்டில் ஒருவர் ஓட்டிய வேகத்தைப் பஸ் அட்டவணையில் அச்சடித்த மாதிரி. 6ஜிக்கும் இதே கதைதான்: 2023இல் ஒன்றியம் வகுத்த சட்டகத்தில் உச்ச வேகத்துக்கு 50, 100, 200 ஜிகாபிட் என்ற எண்கள் இருக்கின்றன; பயனருக்கு 300, 500 மெகாபிட். எந்த எண் சுவரொட்டியில் வரும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை.

வேகம் கூட வேண்டுமென்றால் அகலமான அலைக்கற்றை வேண்டும். கீழ் அலைவரிசைகளில் இடமில்லை. வானொலி, தொலைக்காட்சி, பழைய தலைமுறைக் கைபேசி எல்லாம் உட்கார்ந்திருக்கின்றன. மேலே போனால் இடம் தாராளம், ஆனால் அலை நீளம் குறுகிவிடும். 700 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 43 சென்டிமீட்டர். அது சுவரைத் தாண்டி வீட்டுக்குள் வரும், கிராமத்துக்கும் போகும். 28 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு ஒரு சென்டிமீட்டர்தான். சுவர், மரம், ஏன், கைபேசியைப் பிடித்திருக்கும் கையே அதை மறித்துவிடும். எனவே தெருவுக்குத் தெரு டவர் நட வேண்டும்.

கொரிய நிறுவனங்கள் அதைத்தான் செய்யவில்லை. 28 கிகாஹெர்ட்ஸ் உரிமத்துக்காக ஆளுக்கு 15,000 நிலையங்கள் அமைப்பதாக ஒப்புக்கொண்டு, பத்தில் ஒரு பங்கு அளவுக்கே கட்டினார்கள். அங்கே விற்ற கைபேசிகளிலும் அந்த அலைவரிசையைப் பிடிக்கும் வசதி இல்லை! கேடி, எல்ஜி யூப்ளஸ் உரிமங்களை 2022 கடைசியிலும், எஸ்கே டெலிகாமுடையதை 2023 மே மாதத்திலும் அரசு ரத்து செய்தது. புதிதாக ஏலம் எடுத்த ஸ்டேஜ் எக்ஸ் நிறுவனத்தின் தகுதியும் 2024இல் பறிபோனது.

அடுத்தது தாமதம். ஒரு மில்லிநொடியில் பதில் வரும், தொலைவிலிருந்தே அறுவைசிகிச்சை செய்யலாம் என்றார்கள். அந்த ஒரு மில்லிநொடி கைபேசிக்கும் டவருக்கும் இடையே மட்டும். அதற்கு அப்பால் செய்தி கண்ணாடி இழையில் ஓடுகிறது. அதில் ஒளியின் வேகம் நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர். ஒரு மில்லிநொடிக்குள் போய்த் திரும்ப வேண்டுமானால், மறுமுனை 100 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். சியோலிலிருந்து பூசான் நேர்க்கோட்டில் 300 கிலோமீட்டருக்கு மேல். எத்தனையாவது தலைமுறை வந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

டவரால் புற்றுநோய் வரும், கொரோனா பரவும் என்ற பயம் வேறு வகை. 2020இல் பிரிட்டனில் டவர்களுக்குத் தீ வைக்கும் அளவுக்கு அது போனது. வைரஸ் ரேடியோ அலையில் பயணம் செய்யாது; இந்த அலைகளுக்கு அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பிரிக்கும் வலுவும் கிடையாது. இந்தியா 2012இல் டவர் கதிர்வீச்சுக்கு வைத்த வரம்பு சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்கு. பயந்தவர்கள் போட்ட சத்தத்தில், கொடுத்த காசுக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்டவர்களின் குரல் அமுங்கிப்போனதுதான் மிச்சம்.

பிரிட்டனின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பில் இருந்த வில்லியம் வெப், 5ஜி வருவதற்கு முன்பே, 2016இல், இந்த எதிர்பார்ப்பெல்லாம் வெறும் மாயை என்று ஒரு புத்தகமே எழுதினார். 2023 ஆகஸ்டில் எஸ்கே டெலிகாமே தன் அறிக்கையில், தானோட்டி வாகனம், ஹோலோகிராம் போன்றவை எதிர்பார்த்தபடி வரவில்லை என்று ஒப்புக்கொண்டது. 5ஜியால் பயனே இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. நெரிசலான இடத்தில் ஒரே டவர் இன்னும் பலரைத் தாங்குகிறது. அதுவே பெரிய காரியம். ஆனால் அதைச் சொன்னால் யாரும் புது கைபேசி வாங்க ஓட மாட்டார்கள்.

இந்தியாவில் 2022இல் நடந்த அலைக்கற்றை ஏலம் சுமார் 1.5 லட்சம் கோடி ரூபாய்க்குப் போனது. அக்டோபர் 1ஆம் தேதி சேவை தொடங்கியது. ஆறு மாதம் ஆவதற்குள், 2023 மார்ச்சில், ‘பாரத் 6ஜி’ தொலைநோக்கு ஆவணம் வெளிவந்தது. இந்த அவசரம் எனக்குப் புரிந்ததில்லை. கைபேசி மூலையில் தெரியும் எழுத்தை வைத்து எதையும் நம்பவும் வேண்டாம்: அமெரிக்காவில் ஏடி அண்ட் டி நிறுவனம், இருந்த 4ஜிக்கே ‘5ஜி இ’ என்று பெயர் காட்டி, வழக்கையும் சந்தித்தது.

6ஜி பற்றிய ஆரம்பப் பேச்சில் 100 கிகாஹெர்ட்ஸுக்கு மேலே, டெராஹெர்ட்ஸ் வரை போவோம் என்றார்கள். 2023 கடைசியில் துபாயில் கூடிய உலக வானொலி மாநாடு, 2027 மாநாட்டுக்கு முன் ஆராயச் சொன்ன அலைவரிசைகளோ 4.4, 7, 15 கிகாஹெர்ட்ஸை ஒட்டியவை. எல்லாமே கொரியா கைவிட்ட 28க்குக் கீழே. இவற்றில் 7 கிகாஹெர்ட்ஸ் பக்கம்தான் நிறுவனங்களின் கண். அதற்கான கருவிகளை இப்போதுள்ள டவர்களிலேயே மாட்டிவிடலாம் என்பது அவர்கள் போடும் கணக்கு.