கிணற்றடியில் ஒரு போத்தல் மண்ணெண்ணெய்

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவைப் பற்றி எம் வாசகர்களுக்கு எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து வலிகாமத்திலிருந்து வந்த சனம் சாவகச்சேரி, மீசாலை, கொடிகாமம் என்று தென்மராட்சி எங்கும் நிறைந்தது. பாடசாலைகளும் கோயில்களும் தேவாலயங்களும் தென்னந்தோப்புகளும் வீடுகளாயின. அன்று சைக்கிளில் ஏற்றிவந்த பொருள்களை இன்று நினைத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். அரிசி, பாய், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றோடு ஒரு போத்தல் மண்ணெண்ணெயும் இருந்தது. நீரிறைக்கும் இயந்திரத்தையே கரியரில் கட்டிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. தோட்டக்காரனுக்குக் காணி பாதி என்றால், இறைப்பு மறுபாதி அல்லவா?

அந்தப் போத்தல் மண்ணெண்ணெய் பற்றித்தான் இக்கட்டுரை. உலகின் பெரிய பல்கலைக்கழகங்கள் இன்று அதையே 'எரிசக்திப் பாதுகாப்பு' என்ற பெயரில் ஆராய்கின்றன. அவர்கள் சொல்வதையும் நாம் அனுபவித்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பயனுடையது.

தடைக்காலம் கற்பித்தது

1990 யூனில் போர் மீண்டும் மூண்டதைத் தொடர்ந்து குடாநாட்டின் மீது பொருளாதாரத் தடை விழுந்தது. பெற்றோல், டீசல், பற்றரி, பசளை, சவர்க்காரம் என்று தடைப்பட்டியல் நீண்டது. மண்ணெண்ணெய் அருமையாயிற்று. தேசிய மின்வலையமைப்பிலிருந்தும் யாழ்ப்பாணம் துண்டிக்கப்பட்டது. இடையிடையே தடை தளர்ந்தாலும் வாழ்க்கை தளரவில்லை, இறுகியே இருந்தது.

நம்மவர் அதற்கு ஈடுகொடுத்த விதம் எல்லோரும் அறிந்ததே. ஜாம் போத்தலுக்குள் சிறிதளவு எண்ணெய் விட்டு, நூல் திரியிட்டு, பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டோம். சில துளி பெற்றோலில் இயந்திரத்தை உயிர்ப்பித்து, பின் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளும் காரும் ஓடின. எண்ணெய் கிடையாத தோட்டங்களில், கைவிடப்பட்டிருந்த துலாவும் பட்டையும் மீண்டும் வேலைக்கு வந்தன.

இவற்றைப் பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் பெருமை மட்டும் கணக்காகாது. இறைக்க முடியாமல் சுருக்கிய வெங்காயப் பாத்திகள் எத்தனை, பசளை இல்லாமல் விழுந்த விளைச்சல் எவ்வளவு, துலாக்கொடி இழுத்துத் தேய்ந்த பெண்களின் தோள்கள் எத்தனை என்று எழுதி வைத்தவர் யார்?

வலியை அளக்கும் கல்வி

நியூயோர்க் நகரிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகம் 2013இல் உலக எரிசக்திக் கொள்கைக்கென ஓர் ஆய்வு மையத்தை ஆரம்பித்தது. இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட்டில் இத்தகைய நிறுவனம் 1982 முதலே இயங்குகிறது. எண்ணெய், எரிவாயு என்பவற்றின் விலை ஏன் ஏறுகிறது, எந்தக் கடற்பாதை அடைபட்டால் எந்த நாடு இருளும், ஒரு நாட்டின் மீது தடை விதித்தால் யார் பணிவர், யார் பட்டினி கிடப்பர் என்பன இவற்றின் ஆய்வுப் பொருள்கள்.

கொலம்பியா மையத்தின் நூல்வரிசையில் 2017இல் தடைகளைப் பற்றி ஒரு நூல் வெளிவந்தது. எழுதியவர் ரிச்சர்ட் நெஃப்யூ. ஈரானுடனான பேச்சுவார்த்தையில் அமெரிக்கத் தரப்பில் தடைகளுக்குப் பொறுப்பாக இருந்தவர். அவர் விடயத்தை மூடி மறைக்கவில்லை. தடையின் நோக்கம் வலி கொடுப்பதே, எதிர்த்தரப்பிடம் இருப்பது அதைத் தாங்கும் உறுதி, இவ்விரண்டையும் இடைவிடாது அளந்துகொண்டிருக்க வேண்டும், வழி தவறிவிட்டதென்று தெரிந்தால் ஒப்புக்கொள்ளவும் வேண்டும் என்பது அவரது வாதம்.

இதை வாசிக்கும் கொடிகாமத்துக்காரருக்கு ஒரு கேள்வி எழும். வலியை அளப்பதற்கு ஒரு முறையாவது அங்கு உண்டு. ஓர் அரசு தன் சொந்தக் குடிகள் வாழும் நிலத்தின் மீதே தடை விதித்தபோது, அந்த வலியை அளக்க என்ன கோல் இருந்தது? உறுதி என்று புத்தகம் சொல்வது, போராடும் தரப்புகளின் உறுதியை. ஜாம் போத்தல் விளக்கின் முன் இருந்த பிள்ளையின் உறுதிக்கு அதில் பத்தி இல்லை. அந்தப் பத்தியை எழுத வேண்டியவர்கள் நாமே.

தூரத்துக் கடலும் நம் பாத்தியும்

தடை நீங்கிவிட்டால் எண்ணெயின் பிடி விட்டுவிடுமா? விடவில்லை. 1969இல் தொடங்கிய சபுகஸ்கந்த சுத்திகரிப்பு ஆலை நெடுங்காலம் ஈரானிய மசகு எண்ணெயையே பெரிதும் நம்பியிருந்தது. 2012இல் ஈரான் மீதான தடை இறுகியபோது அந்த எண்ணெய்க்கு வழி அடைபட்டது. அதே ஆண்டு பெப்ரவரியில் நாட்டில் எரிபொருள் விலைகள் ஒரேயடியாக உயர்ந்தன. எதிர்த்துத் தெருவுக்கு வந்த சிலாபத்து மீனவர்களுள் ஒருவர் சூட்டில் இறந்தார். ஈரானுக்குக் கொடுக்க வேண்டிய எண்ணெய்க் கடனைத் தேயிலையாகத் தீர்ப்பதற்கு 2021இல் உடன்பாடு செய்ய நேர்ந்தது. மலையகத் தாய்மார் கொய்த கொழுந்து, பழைய எண்ணெய்க் கடனுக்குப் போயிற்று.

பின்னர் 2022 வந்தது. அவ்வாண்டு பெப்ரவரி 24இல் ரஷ்யா உக்ரெயின் மீது படையெடுத்தது. எண்ணெய், எரிவாயு விலைகள் ஏறின. ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. கப்பலுக்குக் கொடுக்க டொலர் இல்லை. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. வடக்கின் மீனவருக்கும் தோட்டக்காரருக்கும் அது இன்னொரு தடையாகவே இருந்தது. இம்முறை முகமாலையில் எவரும் மறிக்கவில்லை, விலையே மறித்தது.

பசளையும் இதே கதைதான். யூரியா பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து செய்யப்படுகிறது. ஆகவே எரிவாயு ஏறினால் யூரியா ஏறும், யூரியா ஏறினால் மிளகாய்க் கன்று மஞ்சளாகும். 2021இல் அரசு இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரென நிறுத்திய அனுபவமும் அதற்கு முன்னே இருந்தது.

சூரியன் இலவசம், தண்ணீர் இலவசமல்ல

அப்படியானால் வழி என்ன? கொடிகாமத்திலிருந்து ஏ9 வீதியால் தெற்கே போனால் பளைப் பக்கத்தில் காற்றாலைகள் தெரிகின்றன. சூரியத் தகட்டில் இயங்கும் நீரிறைப்பு இயந்திரங்களும் வந்துவிட்டன. அவற்றுக்குக் கப்பலும் வேண்டாம், டொலரும் வேண்டாம். இது நல்ல செய்தியே.

ஆனால் ஓர் எச்சரிக்கை. நம் குடாநாட்டுக்கு வற்றாத ஆறில்லை. மழைநீர் சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. பொதுவான கணக்கின்படி, கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி நின்றால் கீழே ஏறக்குறைய நாற்பது அடி நன்னீர் இருக்கும். மேலே ஓரடி இழந்தால் கீழிருந்து உவர் நாற்பது அடி ஏற இடமுண்டு. மண்ணெண்ணெய் விலை ஒரு வகையில் நம் கையைப் பிடித்து வைத்திருந்தது. செலவில்லாத சூரியன் அந்தப் பிடியை விட்டுவிடும். காலை முதல் மாலை வரை இறைத்து, நாலு போகத்தில் கிணறு உவர்த்துப்போனால் அந்த இலாபம் யாருக்கு?

சுன்னாகத்தையும் மறத்தல் கூடாது. மின்னுற்பத்தி நிலையத்தின் கழிவெண்ணெய் நிலத்தடி நீரில் கலந்த வழக்கில், 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மக்களுக்கு நட்டஈடாக 2 கோடி ரூபா செலுத்தும்படி தனியார் நிறுவனமொன்றுக்குத் தீர்ப்பளித்தது. எரிசக்தியும் தண்ணீரும் நம் மண்ணில் ஒரே கிணற்றின் இரு பக்கங்கள்.

நாம் செய்யக்கூடியவை

சூரிய இறைப்பு எடுப்பவர்கள் பெரிய மோட்டாரைத் தேடாமல் சிறிய மோட்டாரும் பெரிய தொட்டியும் வைப்பது நன்று. மெதுவாக இறைக்கும்போது உவர் மேலெழுவது குறைவு. சொட்டு நீர்க் குழாய் இட்டால் அதே தண்ணீர் இன்னும் பல பாத்திகளுக்குப் போகும். கோடை முதிரும்போது கிணற்று நீரை வாயில் வைத்துப் பார்ப்பதோடு நில்லாமல், விவசாயப் போதனாசிரியரின் உதவியுடன் உவர்த்தன்மையை அளந்து கொப்பியில் குறித்து வையுங்கள்.

சொந்தக் காணிக்கு இன்னும் திரும்பாத குடும்பங்களின் சிக்கல் வேறு. குத்தகைக் காணியில் தகட்டை நாட்டினால், காணிக்காரர் எழுப்பும் நாளில் அது யாருக்கு? ஆகவே இருவர் மூவர் சேர்ந்து, கழற்றிக் கொண்டுபோகக்கூடிய சட்டத்தில் தகட்டைப் பொருத்துங்கள். அது யாருடையது என்பதைக் குத்தகை உறுதியிலேயே எழுதிக் கையொப்பமிடுங்கள். இடம்பெயர்ந்தவனுக்குப் பொருள் அவனோடு பெயரக்கூடியதாக இருக்க வேண்டும்.

பத்துக் கன்னியர் உவமையைப் பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். எண்ணெய் சேர்த்து வைக்காதவர்கள் கதவுக்கு வெளியே நின்றார்கள். 1990களில் நம் விளக்கு மங்கியது நம் அசட்டையால் அல்ல, எண்ணெயை மறித்தவர்கள் வேறு யாரோ. இனி வரும் காலத்துக்கு அந்தச் சாட்டு முழுவதும் பொருந்தாது. நம் கிணற்றின் அளவைக் கணக்கில் வைத்திருப்பது நம் கையில்தான் உள்ளது.

குழுவாகச் சிந்திக்க

1. தடைக்காலத்தில் உங்கள் குடும்பம் எரிபொருளுக்கு என்ன மாற்று வழி கண்டது? அதைப் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறீர்களா, எழுதியிருக்கிறீர்களா?

2. கடந்த போகத்தில் உங்கள் செலவில் இறைப்புக்கும் பசளைக்கும் போன பங்கு எவ்வளவு?

3. உங்கள் அயலில் ஒரே நிலத்தடி நீரைப் பாவிக்கும் கிணறுகள் எத்தனை? இறைப்பு நேரம் பற்றி அவ்வீட்டாருடன் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வர முடியுமா?