வறட்சியின் கடுமையை அளப்பது எவ்வாறு?

செங்கற்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்று அழைப்பது நெடுநாளைய வழக்கம். இங்குள்ள பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணற்பரப்பாகவே கிடக்கிறது. ஆகவே அச்சரப்பாக்கம் வட்டார விவசாயி வடகிழக்குப் பருவமழையையும், அதைத் தேக்கி வைக்கும் ஏரியையும், கிணற்றையுமே நம்பியிருக்கிறார். இத்தகைய பகுதியில் வறட்சியின் கடுமையை அறியும் முறையைப் பஞ்சாயத்து அங்கத்தினர் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்வது அவசியமாகும்.

வானிலைத் துறையின் கணக்கு எளிது. பருவமழை வழக்கமான அளவில் 26 முதல் 50 சதவீதம் வரை குறைந்தால் அது நடுத்தர வறட்சி. 50 சதவீதத்திற்கு மேல் குறைந்தால் கடும் வறட்சி. 2016 ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவத்தில் தமிழ்நாட்டில் வழக்கமாகப் பெய்யும் சுமார் 440 மில்லிமீட்டருக்குப் பதிலாக 168 மில்லிமீட்டரே பெய்தது. 1917க்கும் 2017க்கும் இடையில் எத்தனையோ வறட்சிகளைக் கண்ட இம்மாநிலத்தில், 2017 ஜனவரியில் அப்போதிருந்த 32 மாவட்டங்களும் வறட்சியால் பாதிக்கப்பட்டவை என அரசு அறிவித்தது. அதற்கு முந்திய 2015 ஆம் ஆண்டின் இறுதியிலோ இதே பகுதியில் பெருவெள்ளம். அவ்வெள்ளத்தின் பெரும்பகுதி கடலில் கலந்தது.

மழைமானி காட்டுவது முதற்படி மட்டுமே. வானில் தொடங்கும் வறட்சி அடுத்து ஏரியிலும் கிணற்றிலும், பின்னர் வயலிலும், இறுதியாக வீட்டிலும் புகுகிறது. ஒரே அளவு மழை பெய்த இரண்டு ஊர்களில் ஒன்றின் பயிர் பிழைப்பதும் மற்றதன் பயிர் கருகுவதும் உண்டு. வரத்துக்கால் தூர்ந்து, மதகு பழுதுபட்டுக் கிடக்கும் ஊரில் சிறிய மழைக்குறைவும் பெரிய வறட்சியாகிவிடும்.

வறட்சி முதலில் தாக்குவது நிலமற்ற கூலியாட்களையே. நடவு இல்லை, களையெடுப்பு இல்லை. எனவே கூலியும் இல்லை. அடுத்து வைக்கோல் தீர்ந்து, கால்நடைகள் குறைந்த விலைக்கு விற்கப்படுகின்றன. பிறகு நகை அடகுக்குப் போகிறது, கடன் ஏறுகிறது. பெண்கள் தொலைவிலிருந்து குடிநீர் சுமக்கின்றனர். மீண்டும் மழை பெய்தால் வயல் ஒரே பருவத்தில் பசுமையாகும். விற்ற மாட்டை வாங்கவும் கடனை அடைக்கவும் பல ஆண்டுகள் ஆகும். வறட்சியின் உண்மையான கடுமை இதுவே.

1876-78 பெரும் பஞ்சத்தின்போது, பட்டினியால் வாடிய மக்களுக்கு வேலை கொடுக்கும் பொருட்டுச் சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதி வெட்டப்பட்டது. மக்கள் வதங்கிய பிறகு வேலை தொடங்குவதைவிட, முன்னரே ஏரியைச் செப்பனிடுவது மேல். இது நமக்குப் புதிதன்று. நமக்கு அருகிலுள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்து 921 ஆம் ஆண்டுக் கல்வெட்டு, ஏரி வாரியத்திற்கு 6 உறுப்பினரைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுத்ததைக் கூறுகிறது.

பஞ்சாயத்துகள் செய்யத்தக்கவை பின்வருமாறு:

1. ஐப்பசி மழைக்கு முன் வரத்துக்காலையும் மதகையும் கலங்கலையும் சீர்செய்தல்.

2. மாதந்தோறும் ஊரின் சில கிணறுகளில் நீர்மட்டத்தை அளந்து பதிவேட்டில் எழுதுதல்.

3. தை மாதத்தில் ஏரி நீர் குறைவாயிருப்பின் ஆயக்கட்டுதாரர்களைக் கூட்டி, நவரை நெல்லுக்குப் பதிலாக நிலக்கடலை, உளுந்து பயிரிட முடிவு செய்தல். நிலக்கடலைக்கு நெல்லுக்குத் தேவையான நீரில் பாதியே போதும்.

4. குடிநீர்க் கிணற்றின் அருகில் பாசனத்திற்கு மிகுதியாக நீர் இறைப்பதைத் தவிர்த்தல். கடலோர ஊர்களில் அளவுக்கு மீறி இறைத்தால் உப்புநீர் உட்புகும்.

5. நிலமற்ற குடும்பங்களின் பட்டியலை முன்னதாகவே தயாரித்து, அரசு வேலைத்திட்டங்களில் அவர்களுக்கு முதலிடம் கிடைக்கச் செய்தல்.

மழையை வரவழைப்பது நம் கையில் இல்லை. பெய்த மழையைக் காப்பதும், பெய்யாத ஆண்டில் எளியவர் வீட்டு அடுப்பு அணையாமல் பார்ப்பதும் பஞ்சாயத்தின் கடமையாகும்.