‘சாம்பிள்’ ஜியான் வாங்கலாமா? ப்ராசசர், போர்டு, பயாஸ் மூன்றும் ஒத்துப்போகிற கதை

பழைய சர்வர் பாகங்கள் விற்கும் தளங்களில் தேடினால் ஒரு விஷயம் கண்ணில் படும். 28 கோர் ஜியான் ப்ராசசர் ஒன்று, அசல் விலையில் ஒரு சின்னப் பங்குக்குக் கிடைக்கும். 2017-ல் வந்த ஜியான் பிளாட்டினம் 8180-க்கு இன்டெல் போட்ட விலை 10,009 டாலர். அதே கோர் எண்ணிக்கையில் ஏன் இவ்வளவு மலிவு என்று விவரத்தைப் படித்தால், ஓரத்தில் ‘இ.எஸ்.’ என்றோ ‘க்யூ.எஸ்.’ என்றோ எழுதியிருக்கும். இன்ஜினியரிங் சாம்பிள், குவாலிஃபிகேஷன் சாம்பிள் என்பதன் சுருக்கம்.

எனக்கு இதில் சொந்த ஆர்வம் உண்டு. 1929-ல் புதுக்கோட்டை சமஸ்தானம் வெளியிட்ட கல்வெட்டுத் தொகுதி போன்ற பழைய நூல்களை ஸ்கேன் செய்து, எழுத்துணரியில் ஓட்டி, சொற்களை ஒப்பிட்டுப் பார்ப்பது என் பொழுதுபோக்கு. இந்த வேலைக்கு வேகமான ஒரு கோரைவிட நிறைய கோர்கள்தான் உதவும். அதனால் இந்தச் சாம்பிள் விஷயத்தைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன்.

சாம்பிள் என்றால் என்ன?

ஒரு சர்வர் ப்ராசசர் கடைக்கு வருவதற்குப் பல மாதங்கள் முன்பே அதன் முதல் சிலிக்கன் தயாராகிவிடும். மதர்போர்டு செய்கிறவர்களுக்கும், சர்வர் நிறுவனங்களுக்கும், ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதுகிறவர்களுக்கும் அது முன்கூட்டியே வேண்டும். அதனால் ரகசிய ஒப்பந்தத்தோடு கடனாகக் கொடுப்பார்கள். பிழைகள் தெரியத் தெரிய சிலிக்கனைத் திருத்தி அடுத்த பதிப்பு வரும். இந்தப் பதிப்புக்குப் பெயர்தான் ‘ஸ்டெப்பிங்’. ஆரம்ப இ.எஸ்.-களில் வேகம் குறைவாக இருக்கலாம், டர்போ இல்லாமல் போகலாம், ஏதாவது ஒரு மெமரி சேனலே வேலை செய்யாமல் இருக்கலாம். கடைசிக் கட்டத்தில் வரும் க்யூ.எஸ். மட்டும் கடைச் சரக்குக்குக் கிட்டத்தட்ட சமம்.

அடையாளம் சுலபம். மூடியின்மேல் ‘இன்டெல் கான்ஃபிடென்ஷியல்’ என்று பொறித்திருக்கும். கடைச் சரக்கின் குறியீடு ‘எஸ்’ எழுத்தில் தொடங்கும், சாம்பிளின் குறியீடு ‘க்யூ’வில் தொடங்கும். லினக்ஸில் பார்த்தால் மாடல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘ஜெனுயின் இன்டெல் சிபியு 0000’ என்று வருவது வழக்கம்.

இன்னொன்றையும் சொல்லிவிடணும். இந்தச் சாம்பிள்கள் எப்போதும் தன் சொத்துதான், விற்பனைக்கு அல்ல என்பது இன்டெல்லின் நிலைப்பாடு. வாரண்டி கிடையாது. அது எப்படிச் சந்தைக்கு வந்தது என்று விற்கிறவரும் சொல்ல மாட்டார்.

சாக்கெட்டில் உட்கார்ந்தால் போதுமா?

போதாது. இதற்கு நம்ம ஊர்ப்பக்கமே நல்ல உதாரணம் இருக்கு. 2008 செப்டம்பரில் வந்த ஜியான் 7400 வரிசை (உள்பெயர் ‘டன்னிங்டன்’) இன்டெல்லின் பெங்களூர் மையத்தில் வடிவமைக்கப்பட்டது. 6 கோர், 45 நானோமீட்டர், 190 கோடி டிரான்சிஸ்டர்கள், 16 எம்.பி. மூன்றாம் நிலை கேஷ். இதன் வசதி என்னவென்றால், முந்தைய ஆண்டு வந்த 7300 வரிசையின் அதே சாக்கெட், அதே சிப்செட். பழைய ப்ராசசரைக் கழற்றிவிட்டுப் புதியதைச் செருகலாம். ஆனால் ஒரு நிபந்தனை: முதலில் பயாஸை அப்டேட் பண்ணணும். பின்கள் எல்லாம் சரியாகப் பொருந்தினாலும், வந்திருப்பது யார் என்று பயாஸுக்குத் தெரிந்தாக வேண்டும்.

எப்படித் தெரியும்? ஒவ்வொரு ப்ராசசரும் தன்னை ஓர் எண்ணால் சொல்லிக்கொள்ளும். அதற்கு சிபியுஐடி என்று பெயர். மேலே சொன்ன 8180 சொல்லும் எண் 50654. இதில் நடுவில் உள்ள 6 குடும்பம். இரண்டு 5-ம் சேர்ந்தது மாடல்: ஹெக்ஸில் 55, நம் கணக்கில் 85. கடைசி 4 ஸ்டெப்பிங். 2019 ஏப்ரலில் வந்த அடுத்த தலைமுறை ‘கேஸ்கேட் லேக்’ கடைச் சரக்கின் எண் 50657. குடும்பம் அதே, மாடல் அதே, சாக்கெட்டும் அதே எல்ஜிஏ 3647. மாறியது கடைசி இலக்கம் மட்டும்தான். அதற்கே 2017 போர்டுகளுக்குப் புது பயாஸ் தேவைப்பட்டது.

பயாஸ் இந்த எண்ணை வைத்து இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, அந்த எண்ணுக்குரிய மைக்ரோகோடைத் தேடி ப்ராசசருக்குள் ஏற்றுவது. மைக்ரோகோட் என்பது சிலிக்கனில் உள்ள பிழைகளை மென்பொருளால் ஒட்டுப்போடும் சின்ன கோப்பு. மின்சாரம் போனால் அழிந்துவிடும், அதனால் ஒவ்வொரு முறையும் ஏற்றணும். இரண்டாவது, மெமரியையும் பிற பாகங்களையும் எழுப்புவது. அந்த நிரல் சில இடங்களில் ஸ்டெப்பிங்கைப் பார்த்துத்தான் நடந்துகொள்ளும். தெரியாத எண் வந்தால் விசிறி சுற்றும், திரையில் ஒன்றும் வராது. ப்ராசசர் செத்துவிட்டது என்று நினைத்துவிடுவோம். உண்மையில் அதை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை, அவ்வளவுதான்.

பழைய பயாஸ்தான் நல்ல பயாஸ்

இங்கேதான் வழக்கமான புத்திமதி தலைகீழாகிறது. கடைச் சரக்குக்கு ‘புது பயாஸ் போடு’ என்போம். சாம்பிளுக்குப் பல நேரம் பழைய பயாஸ்தான் ஒத்துவரும். காரணம் எளிது. போர்டை உருவாக்கும்போது நிறுவனத்தின் கையில் இருந்ததே சாம்பிள்தான். அதனால் ஆரம்ப பயாஸ்களில் சாம்பிளின் மைக்ரோகோட் இருக்க வாய்ப்பு அதிகம். பிறகு ஃபிளாஷ் சிப்பில் இடம் வேண்டும் என்றோ, இனி யாருக்கும் தேவையில்லை என்றோ அதை எடுத்துவிடுவார்கள்.

பழைய மைக்ரோகோடை எடுத்து பயாஸ் கோப்பில் ஒட்டவைத்து, வெளி புரோகிராமர் கருவியால் எழுதுகிறவர்களும் உண்டு. மைக்ரோகோடை நாமே எழுத முடியாது. அது இன்டெல் மறையாக்கம் செய்து கையொப்பமிட்டது, மாற்றினால் ப்ராசசர் ஏற்காது. சில போர்டுகள் மாற்றிய பயாஸையே ஏற்காது.

ஏ.எம்.டி. எபிக் பக்கம் வேறொரு பூட்டு இருக்கு. சில சர்வர்களில் ஒருமுறை ஓடிய ப்ராசசர், உள்ளே உள்ள ஃபியூஸ் மூலம் அந்த நிறுவனத்தின் ஃபர்ம்வேருக்கே கட்டுப்பட்டுவிடும். வேறு போர்டில் எழாது.

மலிவுக்கு நாம் கொடுக்கும் விலை

பழைய பயாஸில் தங்கிவிட்டால் பாதுகாப்பு ஒட்டுகளும் நின்றுவிடும். 2018 ஜனவரியில் ஸ்பெக்டர், மெல்ட்டவுன் வெளிவந்தபோது மைக்ரோகோட் திருத்தங்கள் கடைச் சரக்குக்குத்தான் வந்தன. சாம்பிளுக்கு யாரும் உட்கார்ந்து திருத்தம் எழுதுவதில்லை.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை வேறு: கணக்கு சரியாக வருமா? கடைச் சரக்கிலும் பிழை வரும். 2007-ல் ஏ.எம்.டி.யின் நான்கு கோர் ஆப்டெரானில் டிஎல்பி பிழை வந்தது. பயாஸில் ஒட்டுப்போட்டால் வேகம் விழுந்தது. மறு ஆண்டு ‘பி3’ ஸ்டெப்பிங்கில்தான் சரியானது. ஆனால் அந்தப் பிழை பட்டியலில் ஏறியது, உலகத்துக்குத் தெரிந்தது. சாம்பிளின் பிழைப் பட்டியல் ஒப்பந்தம் போட்டவர்களுக்கு மட்டும்தான்.

1994-ல் அமெரிக்காவின் லிஞ்ச்பர்க் கல்லூரிப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி, பகா எண் ஜோடிகளின் தலைகீழ்க் கூட்டல் ஒன்றைப் பல கணினிகளில் ஓட்டிக்கொண்டிருந்தார். புதிய பென்டியம் கணினியின் விடை மட்டும் ஒத்துவரவில்லை. வகுத்தல் பிழை அப்படித்தான் வெளியே வந்தது. இன்டெல் அதற்கு 47.5 கோடி டாலர் செலவுக் கணக்கு எழுத வேண்டியிருந்தது. அவர் பிடித்ததற்குக் காரணம் விலை உயர்ந்த கருவி அல்ல, ஒரே கணக்கை வேறொரு இயந்திரத்திலும் போட்டுப் பார்த்த பழக்கம்.

வாங்குவதானால்

1. க்யூ குறியீட்டையும் சிபியுஐடி எண்ணையும் விற்பவரிடம் படமாகக் கேளுங்கள். கடைசி இலக்கம் கடைச் சரக்கோடு ஒத்தால் பாதிக் கவலை தீர்ந்தது.
2. போர்டின் எந்த பயாஸ் பதிப்பில் ஓடியது என்று கேளுங்கள். ‘எல்லா போர்டிலும் ஓடும்’ என்றால் நகர்ந்துவிடுங்கள்.
3. இரண்டு சாக்கெட் என்றால் இரண்டும் ஒரே குறியீடாக இருக்கட்டும்.
4. பயாஸைத் தொடுவதற்கு முன் இருப்பதைப் படித்துப் பத்திரப்படுத்துங்கள்.
5. மின்கணக்கையும் போடுங்கள். 205 வாட் ப்ராசசர் இரண்டு, முழுவேகத்தில் 60 நாள் ஓடினால் அவை மட்டுமே சுமார் 590 யூனிட். இரண்டு மாத பில்லில் 500 தாண்டினால் கட்டண அடுக்கே மாறும்.
6. இணையத்தில் திறந்துவைக்கும் சர்வருக்கும், பிறருடைய தரவு வைக்கும் சர்வருக்கும் வேண்டவே வேண்டாம்.

என் முடிவு இது. கற்றுக்கொள்ளவும், வீட்டுக்குள் தனியாக ஓட்டவும் க்யூ.எஸ். சரி. ஆரம்பகால இ.எஸ். வேண்டாம். கல்வெட்டுச் சொற்களை எண்ணி, ‘இந்தச் சொல் இத்தனை முறை வருகிறது’ என்று நாலு பேர் படிக்க எழுதுவதாக இருந்தால், பயன்படுத்தப்பட்ட சாதாரண ஜியானே போதும். வேகம் குறைந்தால் இரண்டு நாள் கூடக் காத்திருக்கலாம். எதில் ஓட்டினாலும் ஒரு பகுதியை இன்னொரு கணினியிலும் ஓட்டி விடையை ஒப்பிட்டுவிடுங்கள்.