பராசக்தி திரைப்படமும் பர்மா அகதிகளும்

பராசக்தி 1952 அக்டோபர் 17 அன்று, தீபாவளி நாளில் வெளிவந்த தமிழ்த் திரைப்படம். இயக்கியவர்கள் கிருஷ்ணன் – பஞ்சு. பாவலர் பாலசுந்தரத்தின் நாடகத்தைத் தழுவிய இப்படத்திற்குத் திரைக்கதை, உரையாடல் எழுதியவர் மு. கருணாநிதி. சிவாஜி கணேசனின் முதல் படம் இதுவே. நீதிமன்றக் காட்சிக்காகவே பெரிதும் பேசப்படும் இப்படம், போரினால் பர்மாவிலிருந்து விரட்டப்பட்ட ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதையும் ஆகும்.

கதையில் போர்

ஆண்டு 1942. சந்திரசேகரன், ஞானசேகரன், குணசேகரன் என்னும் மூன்று சகோதரர்கள் ரங்கூனில் வாழ்கின்றனர். தங்கை கல்யாணி மதுரையில் தந்தையுடன் இருக்கிறாள். அவளுடைய திருமணத்திற்கு மூவரும் வர விரும்பினாலும், போர்க்காலமாதலால் கப்பலில் ஒருவருக்கே இடம் கிடைக்கிறது. இளையவனான குணசேகரன் புறப்படுகிறான். கப்பல் பல மாதம் தாமதமாகிறது. அதற்குள் கல்யாணி கணவனையும் தந்தையையும் இழந்து கைக்குழந்தையுடன் தெருவில் நிற்கிறாள்.

சென்னையில் இறங்கிய குணசேகரன் தன் உடைமைகளைப் பறிகொடுக்கிறான். அண்ணன்மார் பின்னர் பர்மாவை விட்டு வெளியேறுகின்றனர். வழியில் குண்டுவீச்சில் ஒரு காலை இழந்த ஞானசேகரன் பிச்சைக்காரனாகிறான். சந்திரசேகரன் திருச்சியில் நீதிபதியாகிறான். தம்பியும் தங்கையும் குற்றவாளிகளாக நிற்பது அவன் முன்னிலையில்தான். ஒரே குடும்பத்தவர் ஒருவரையொருவர் அறியாமல் போனதற்கு அடிப்படைக் காரணம் போர் என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

வரலாற்றில் நடந்தது

பிரித்தானிய ஆட்சியில் தமிழர்கள் பர்மாவிற்குப் பெருமளவில் சென்றனர். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்தினர். ஏராளமானோர் வயல்களிலும் ஆலைகளிலும் துறைமுகத்திலும் கூலிகளாக உழைத்தனர்.

1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் ரங்கூன் மீது குண்டு வீசின. 1942 மார்ச்சில் நகரம் வீழ்ந்தது. கப்பலில் இடம் கிடைக்காத இலட்சக்கணக்கான இந்தியர்கள் கால்நடையாகவே புறப்பட்டனர். ஒரு சாரார் அரக்கான் வழியாகச் சிட்டகாங்கிற்கும், மற்றொரு சாரார் காடு மலைகளைக் கடந்து மணிப்பூருக்கும் நடந்தனர். காலரா, மலேரியா, பசி ஆகியவற்றால் வழியிலேயே மாண்டவர் பல்லாயிரம்.

படம் சொல்வதும் சொல்லாததும்

படத்தில் வருவது வசதியான குடும்பம். அவர்களுக்கே ஒரு சீட்டுதான் கிடைத்தது என்றால், கூலித் தொழிலாளியின் நிலையை நாமே ஊகிக்கலாம். அந்த நெடுநடையைப் படம் விரிவாகக் காட்டவில்லை. ஆனால் ஊர் திரும்பியவனைத் தாய்நாடு எப்படி வரவேற்றது என்ற கேள்வியைக் கூர்மையாக எழுப்புகிறது. பசி, ஏமாற்று, வேலையின்மை ஆகியவையே குணசேகரனுக்குக் கிடைத்த வரவேற்பு.

பின்வந்த அலை

போருக்குப் பின் பலர் பர்மா திரும்பினர். 1962இல் அங்கு இராணுவ ஆட்சி ஏற்பட்டது. 1964இல் கடைகளும் நிறுவனங்களும் நாட்டுடைமையாக்கப்பட்டபோது, மீண்டும் ஏராளமான தமிழர்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கப்பலேறினர். மணிப்பூர் எல்லையிலுள்ள மோரே நகரில் இன்றும் தமிழர்கள் வாழ்கின்றனர். சென்னைக் கடற்கரை இரயில் நிலையத்தை அடுத்த பர்மா பஜாரும், அங்கு விற்கப்படும் அத்தோ என்னும் உணவும் அந்த மக்கள் இந்நகருக்குக் கொண்டுவந்தவை. இவ்வரலாற்றை அறிந்தபின் படத்தைப் பார்ப்பவர்க்கு, அந்த ஒற்றைக் கப்பல் சீட்டின் பொருள் விளங்கும்.