காரில் காசிக்குப் போறீங்களா? மேப் சொல்லாத கணக்கு ஒன்று இருக்கு!

விருத்தாசலத்துக்கு விருத்தகாசி என்றும் ஒரு பெயர் உண்டு. பழமலைநாதரைக் கும்பிட்டாலே காசிக்குப் போன பலன் என்பார்கள் ஊர்க்காரர்கள். இருந்தாலும், சொந்தக் காரில் நிஜக் காசிக்கே ஒரு தடவை போய்வரலாமே என்ற ஆசை யாருக்குத்தான் இல்லை? "ரெண்டாயிரம் கிலோமீட்டர் சொச்சம்தானே... நூறுல போனா இருபது மணி நேரம்!" என்று மனசு உடனே கணக்குப் போட்டுவிடும்.

அங்கேதான் சிக்கல்.

பீங்கான் பொம்மைகளுக்கும் அகல் விளக்குகளுக்கும் பேர்போன இந்த ஊரிலிருந்து நெய்வேலி முக்கால் மணி நேரம். கடலூர் ஒன்றரை மணி நேரம். விடிகாலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே சென்னை. நம் கை பழகிய தூரம் இவ்வளவுதான். போன் மேப் அந்தப் பழக்கத்தை இன்னும் கெடுக்கிறது. நெய்வேலிக்கு வழி கேட்டாலும் சரி, காசிக்குக் கேட்டாலும் சரி, திரையில் தெரிவது அதே ஒரு விரல் நீள நீலக் கோடு!

கனடாவுக்குப் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோருக்கும் இதே கதைதான். டொராண்டோவிலிருந்து நயாகரா சுமார் 130 கி.மீ., காலையில் போய் மாலையில் திரும்பலாம். அதே தெம்பில் "அப்படியே வான்கூவரையும் பார்த்துடலாமா?" என்றால், அது 4,000 கி.மீ-க்கு மேல். அதே ஒன்டாரியோ மாகாணத்துக்குள்ளேயே இருக்கும் தண்டர் பே நகருக்குப் போகவே சுமார் 1,400 கி.மீ. ஓட்ட வேண்டும். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போய்த் திரும்பும் தூரம் அது.

சரி, காசிக்கு வருவோம். நூறில் போகலாம் என்றாலும், டோல்கேட், ஊருக்கு ஊர் நெரிசல், பாலம் வேலைக்கான மாற்றுப்பாதை எல்லாம் சேர்ந்தால் சராசரி 55, 60-ஐத் தாண்டுவதே கஷ்டம். அதன்படி 36 மணி நேரம். மேப் காட்டும் நேரத்தில் டீ கிடையாது, சாப்பாடு கிடையாது, குழந்தைக்கு வாந்தி வந்தால் நிறுத்துவது கிடையாது. முக்கியமாக, தூக்கம் கிடையாது.

தொழில்முறை ஓட்டுநர்களுக்குச் சட்டமே வரம்பு வைத்திருக்கிறது. முன்பு நடைமுறையில் இருந்த 1961-ம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டப்படி ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலைதான் இருந்தது. தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, நடுவே அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்றது அந்தச் சட்டம். தினமும் ஓட்டுகிறவருக்கே இப்படி என்றால், வாரம் முழுக்க ஆபீஸில் உட்கார்ந்துவிட்டு ஸ்டியரிங் பிடிக்கும் அப்பா எந்த மூலைக்கு?

தூரத்தைத் தப்பாகக் கணித்தால் முதலில் தாமதமாகும். தாமதத்தை ஈடுகட்ட ஆக்ஸிலரேட்டரை மிதிப்போம். 2022-ல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்ட மரணங்களுக்கு அதிவேகமே காரணம் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை.

அதனால் நீண்ட பயணத்தை மணிக்கணக்கில் அல்ல, நாள்கணக்கில் போடுங்கள். சேலம் போய்ப் பிடிக்கும் சாலை, ஒரு காலத்தில் வாரணாசியையும் கன்னியாகுமரியையும் இணைத்த பழைய என்.எச். 7. மொத்தம் 2,369 கி.மீ. இன்று அதன் பெரும்பகுதி என்.எச். 44. முதல் இரவு பெங்களூரு, இரண்டாவது ஹைதராபாத், மூன்றாவது நாக்பூர். நாக்பூரைத் தாண்டியதும் பெஞ்ச் புலிகள் காப்பகக் காடு. விலங்குகள் அடியில் கடந்து போவதற்காகவே அங்கே சாலையைத் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். அந்த இடத்தை இருட்டில் கடந்தால் ஒன்றும் தெரியாது. நான்காவது இரவு ரேவா. ஐந்தாம் நாள் மதியம் காசி.

திரும்பி வர இன்னொரு ஐந்து நாள். பத்து நாள் லீவு எடுத்தவருக்கு, கங்கையில் ஒரு முழுக்குப் போட்டு ஈரத்துணியோடு வண்டியில் ஏறத்தான் நேரம் இருக்கும்!