தார் பாலைவனத்தின் கதை

ராஜஸ்தானில் தார் பாலைவனம் உள்ளது. மழை மிகக் குறைவு. வன்னி மரம்தான் அங்கே துணை. அதன் தழை ஆட்டுக்குத் தீவனம். காய் மனிதருக்குக் கறி.

1485-இல் ஜம்பேஸ்வரர் பிஷ்னோய் நெறியைத் தொடங்கினார். பச்சை மரத்தை வெட்டாதீர்கள் என்றார். 1730-இல் ஜோத்பூர் மன்னரின் ஆட்கள் கேஜர்லி ஊருக்கு மரம் வெட்ட வந்தார்கள். அம்ரிதா தேவி மரத்தைக் கட்டிப்பிடித்தார். அவரை வெட்டினார்கள். 363 பேர் உயிர் கொடுத்தார்கள். மன்னர் மரம் வெட்டுவதை நிறுத்தினார்.

பிறகு வெள்ளையர் ஆதிக்கம் வந்தது. பாலைவன மண்ணில் உப்பு விளையும். 1879-இல் அவர்கள் ஜோத்பூர் மன்னருடன் ஒப்பந்தம் போட்டார்கள். பச்பத்ரா, தித்வானா உப்பளங்களைக் குத்தகைக்கு எடுத்தார்கள். மக்கள் சொந்தமாக உப்பு எடுக்கத் தடை வந்தது. பலர் தொழில் இழந்தார்கள்.

மரத்துக்காக ஊரே திரண்டது. உப்பு ஒப்பந்தமோ ஊரைக் கேட்காமல் போடப்பட்டது.

நம் ஊர் மரம், குளம் பற்றி முடிவு செய்வது யார்? கூடிப் பேசுவோம்.